பிஞ்சுக் கைகளின் ஐப்பசி ஆட்டம்!

பாலர் வகுப்புக்குப் போகும் குழந்தையின் படப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். "பருவங்கள்" என்று ஒரு பக்கம் இருக்கும்.

அதில் நான்கு படங்கள். ஒரு படத்தில் வெயில் காய்கிறது. ஒரு படத்தில் பூ பூக்கிறது. ஒரு படத்தில் வெள்ளை வெளேரென்று பனி கொட்டுகிறது. நாலாவது படத்தில் ஒரு மரம். அந்த மரத்தில் பச்சை இலை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் சிவப்பு, மஞ்சள், காவி! இலைகள் பொலபொலவென்று உதிர்கின்றன. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு பெயர். டீச்சர் அதை உரக்கப் படிக்கிறார்: "ஆட்டம்!"

குழந்தைகளும் சேர்ந்து கத்துகின்றன: "ஆட்டம்!"

தமிழ்க் குழந்தைக்கு ஆட்டம் என்றால் என்ன? கண்ணாமூச்சி ஆட்டம் தெரியும். கோயில் கொடையில் ஆடுகிற கரகாட்டம் தெரியும். சிவப்பு மரத்துக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? இலையுதிர் காலத்துக்கு ஆங்கிலப் பெயர் அது என்று டீச்சர் விளக்கிய பிறகுதான் தெரிகிறது.

தெரிந்த பிறகு இன்னொரு சந்தேகம் வருகிறது. "அக்டோபர், நவம்பர் மாதத்தில் இலை உதிரும்" என்கிறது புத்தகம். அதே அக்டோபரில் தென்காசியில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் என்ன தெரிகிறது? மேகம் இறங்கிய மலை. நனைந்த வேப்பமரம். சலசலவென்று ஓடும் வாய்க்கால். எங்கே திரும்பினாலும் பச்சை!

"டீச்சர், நம்ம வேப்பமரம் பச்சையாத்தானே இருக்கு?" என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன பதில் சொல்வது?

"புத்தகத்தில் உள்ளபடி சொல்லு" என்று அடக்கிவிடலாம். குழந்தை மறுபடி கேட்காது. ஆனால் அன்றைக்கு அது ஒரு தப்பான பாடம் படித்துவிடுகிறது. "என் கண்ணால் பார்ப்பது பாடம் இல்லை" என்பதே அந்தப் பாடம். மூன்று, நான்கு வயதில் இதைப் படித்த குழந்தை, பிறகு எதையும் உற்றுப் பார்க்காது.

"வா, வெளியே போய்ப் பார்ப்போம்" என்றும் சொல்லலாம். அப்போது ஐப்பசி மாதமே ஒரு பள்ளிக்கூடம் ஆகிவிடும்!

நமக்கு ஆறு பருவம்

தமிழர்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனிக் காலம். மாசி, பங்குனி பின்பனிக் காலம். சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில்.

மேல்நாட்டில் இலை உதிர்கிற அதே நேரத்தில் நமக்குக் கூதிர்காலம். வாடைக் காற்றும் மழையும் குளிரும் சேர்ந்து வரும் காலம். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி நிலம். அந்த நிலத்துக்கு உரிய பருவமாகத் தொல்காப்பியம் கூதிரைத்தான் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் குற்றால மலையடிவாரத்துக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பருவம் வேறு இல்லை!

தென்காசி வட்டாரத்துக்கு இன்னொரு பாக்கியம் உண்டு. இங்கே மழை இரண்டு தடவை எட்டிப் பார்க்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டும். மலை அதைத் தடுத்துவிடும். தப்பி வருகிற மேகங்கள் ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து சாரலாகத் தூவும். ஊர் ஊராக ஜனங்கள் குற்றாலத்துக்கு வருவது அந்தச் 'சீசனு'க்குத்தான்.

ஐப்பசியில் வருவது வடகிழக்குப் பருவமழை. அது தூவாது, கொட்டும்! தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது.

வயலைப் பாருங்கள். கார் சாகுபடி அறுவடை முடிந்து, பிசானத்துக்கு உழவு நடக்கும். நாற்றங்காலில் பயிர் பச்சைப் பாய் விரித்ததுபோல் நிற்கும். சேற்றில் கால் வைத்துப் பழகிய குழந்தைக்கு "ஐப்பசி என்றால் என்ன?" என்று தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

அப்படியானால் இலை எப்போது உதிரும்?

நம் ஊரிலும் மரங்கள் இலை உதிர்க்கின்றன. ஆனால் ஐப்பசியில் அல்ல. மழை நின்று, மண் காய்ந்து, மாசி, பங்குனி வரும்போது தேக்கு மரம் மொட்டையாக நிற்கும். காரணம் தண்ணீர்ச் சிக்கனம். இலை வழியாகத்தான் மரத்தின் தண்ணீர் ஆவியாகப் போகிறது. தண்ணீர் கிடைக்காத காலத்தில் இலையை உதிர்த்துவிட்டால் செலவு மிச்சம்!

குளிர் நாடுகளில் காரணம் வேறு. அங்கே அக்டோபரில் பகல் குறுகிவிடும். பனி நெருங்கும். பனியில் மண்ணே உறைந்து போகும். வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதற்கு முன்பே மரம் தயாராகிறது. இலையில் உள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் ஒளிந்திருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது. சில மரங்களில் புதிதாகச் சிவப்பு நிறமும் உண்டாகிறது. அதுதான் படப் புத்தகத்துச் சிவப்பு மரம்.

அந்தச் சிவப்பை நம் குழந்தைக்குக் காட்ட வேண்டுமா? நாட்டு வாதாம் மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். விழுவதற்கு முன் அதன் இலை இரத்தச் சிவப்பாக மாறும். ஓர் இலையில் பாதி பச்சை, பாதி சிவப்பு இருக்கும். அதைக் கையில் கொடுத்துவிட்டு, "இதுபோல ஊர் முழுவதும் மரங்கள் சிவப்பாகிற தேசமும் உலகத்தில் இருக்கிறது" என்று சொன்னால் குழந்தை கண்ணை அகல விரித்துக் கேட்கும். புத்தகமும் பொய்யில்லை, தன் கண்ணும் பொய்யில்லை என்று அதற்குத் தெரிந்துவிடும்.

மணலில் பிறந்த பாடம்

கையால் தொட்டுப் படிப்பது புதிய விஷயம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது நம் வீட்டிலேயே இருக்கும் பழைய வழக்கம்.

நவராத்திரி இந்தப் பருவத்தில்தான் வருகிறது. அதற்கு 'சாரதா நவராத்திரி' என்று பெயர். 'சரத்' என்பது இந்தப் பருவத்துக்கு வடமொழிப் பெயர். நவராத்திரி முடிந்த மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தட்டில் பச்சரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். பேனாவும் கிடையாது, பென்சிலும் கிடையாது. விரல் அரிசியில் வளைகிறது. எழுத்தின் உருவம் விரலில் ஏறுகிறது.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதினார்கள். இந்த மணல் கடல் கடந்து போன கதை தெரியுமா?

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இருந்த அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். "செலவில்லாத வழி இது" என்று அவருக்குத் தோன்றியது. தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தரும் முறையையும் புகுத்தினார். ஊர் திரும்பியதும் 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

நம் திண்ணை மணல் சீமைக்குப் போய்ப் பாடம் நடத்தியிருக்கிறது!

கொடைக்கானலில் ஓர் இத்தாலிய அம்மையார்

சீமையிலிருந்து நம்மைத் தேடி வந்தவரும் உண்டு. அவர்தான் மாண்டிசோரி அம்மையார்.

இத்தாலியில் 1870-இல் பிறந்தவர். படித்து டாக்டரானவர். 1907-இல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காகக் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். "குழந்தை காதால் கேட்பதைவிடக் கையால் செய்து அதிகம் படிக்கிறது" என்பது அவர் கண்ட உண்மை.

1939 நவம்பரில் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். அப்போது வயது 69. கொஞ்ச காலம் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது என்று ஏற்பாடு. ஆனால் இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தது. 1940-இல் இத்தாலியும் போரில் குதித்தது. அம்மையார் ஊர் திரும்ப வழியில்லாமல் போயிற்று. போர் முடிகிற வரை அவருக்கு இந்தியாவே வீடு.

1942 முதல் 1944 வரை அவர் கொடைக்கானலில் இருந்தார். அங்கே ஒரு சிறு பள்ளி நடந்தது. பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் படித்தார்கள். மலையில் செடிக்கும் பூவுக்கும் பூச்சிக்கும் பஞ்சமா? குழந்தைகள் அவற்றைக் கொண்டு வந்தார்கள், பார்த்தார்கள், வகை பிரித்தார்கள், பெயர் கற்றார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் உள்ள மாண்டிசோரிப் பள்ளிகளில் நடக்கும் இயற்கைப் பாடத்துக்கு, நம் தமிழ்நாட்டு மலையில் நடந்த அந்த வேலை பெரிய அஸ்திவாரம்.

முற்றத்தில் நடந்த பள்ளி

ஆனால் மாண்டிசோரிப் பள்ளிச் சாமான்கள் விலை அதிகம். பளபளக்கும் மரக்கட்டைகளுக்கும் மணிகளுக்கும் ஏழைக் கிராமம் எங்கே போகும்?

இதற்கு வழி கண்டவர் தாராபாய் மோதக் என்ற மராட்டிய அம்மையார். 1945-இல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற கடலோர ஊரில் கிராமக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் என்ற ஆசிரியை அவருக்குத் துணை. கடைச் சாமான்களுக்குப் பதிலாகக் கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை ஆகியவற்றை வைத்தே எண்ணவும் இனம் பிரிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தைகளிடம் போயிற்று. வீட்டு முற்றத்திலேயே வகுப்பு நடந்தது.

'அங்கன்' என்றால் முற்றம். இன்று ஊருக்கு ஊர் இருக்கும் 'அங்கன்வாடி'யின் பெயரில் அந்த முற்றம் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, நாடெங்கும் 33 வட்டாரங்களில் மத்திய அரசின் குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இப்போது தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 54 ஆயிரம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. விளையாட்டு வழியாகவே கற்பிப்பதற்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் அவற்றுக்கு உண்டு.

ஆகவே ஐப்பசிப் பாடம் நடத்தப் புதிய கட்டடம் வேண்டாம். அங்கன்வாடி முற்றமே போதும்.

இப்படி ஒரு காலை

இலஞ்சி, மேலகரம், காசிமேஜர்புரம் என்று எந்த ஊராகவும் இருக்கட்டும். இப்படி ஒரு காலையை மனத்தில் நினைத்துப் பாருங்கள்.

மணி பத்து. மழை வெறித்திருக்கிறது. தூரத்தில் மலையில் வெள்ளைக் கோடு போட்டதுபோல் அருவி தெரிகிறது. டீச்சர் குழந்தைகளை வட்டமாக உட்கார வைக்கிறார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. என்ன சத்தம் கேட்குது?"

"தண்ணி சொட்டுது!" "தவளை!" "காக்கா!" "பஸ்சு!" ஆளுக்கு ஒன்று சொல்கின்றன. காதைத் தீட்டுவதுதான் முதல் பாடம். சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகிய காதுதான் நாளைக்கு 'ல'வையும் 'ள'வையும் பிரித்துக் கேட்கும்.

அடுத்தது இலைப் பாடம். முற்றத்திலும் வேலியோரத்திலும் கீழே விழுந்து கிடக்கும் இலைகளை ஆளுக்கு ஐந்து பொறுக்கி வர வேண்டும். எண்ணிக்கைப் பாடம் அங்கேயே ஆரம்பம். பொறுக்கி வந்ததைச் சின்னது முதல் பெரியது வரை வரிசையாக அடுக்க வேண்டும். முருங்கை இலை, வேப்பிலை, மாவிலை, பலா இலை, தேக்கிலை! தேக்கிலை சொரசொரவென்று இருக்கும். பலா இலை வழவழவென்று இருக்கும். இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விரல் தடவும்போதே வாய் சொல்லிவிடும்.

குற்றாலநாதர் கோயிலின் தல மரம் குறும்பலா. பலா இலையைக் கையில் வைத்திருக்கும் குழந்தையிடம் அந்தச் சேதியையும் சொல்லலாம்.

பிறகு இலை மேல் தாளை வைத்து வண்ணப் பென்சிலால் மெதுவாகத் தேய்க்கச் சொல்ல வேண்டும். அதிசயம்! இலையின் நரம்பெல்லாம் தாளில் எழும்பி வரும். வாழை இலையில் நரம்புகள் கோடு போட்டதுபோல் ஓடும். அரச இலையில் வலை பின்னியதுபோல் இருக்கும். ஏன் என்று இப்போதே விளக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு என்று குழந்தை கண்டுகொண்டால் போதும். பெரிய வகுப்பில் தாவரப் பாடம் வரும்போது, "இது எனக்குத் தெரியுமே!" என்று நிமிர்ந்து உட்காரும்.

பூவரசு இலை கிடைத்தால் கொண்டாட்டம்தான். சுருட்டி, ஒரு முனையைத் தட்டையாக அழுத்தி ஊதினால் 'பீப்பீ'! வகுப்பே நாதஸ்வரக் கச்சேரி ஆகிவிடும். சின்ன இலைக்குக் கீச்சுக் குரல், பெரிய இலைக்குக் கட்டைக் குரல் என்று குழந்தைகளே கண்டுபிடிக்கும்.

சேம்பிலையில் முத்து

வாய்க்கால் ஓரத்தில் சேம்பு வளர்ந்திருக்கும். அதன் இலையில் டீச்சர் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுகிறார். தண்ணீர் ஒட்டவில்லை. முத்துப்போல் உருளுகிறது! அதே தண்ணீரைத் துணியில் விட்டால் ஊறிவிடுகிறது. தாளில் விட்டால் பரவுகிறது. சேம்பிலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் பொடிப்பு இருப்பதுதான் காரணம்.

"எது நனையும், எது நனையாது?" என்று குழந்தைகளே சொல்லட்டும். மழையில் குடை ஏன் பிடிக்கிறோம் என்பதும் அப்போது புரியும்.

பக்கத்தில் ஓர் அகன்ற தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். தேங்காய் மட்டை மிதக்குமா, முழுகுமா? கூழாங்கல்? புளியங்கொட்டை? போடுவதற்கு முன்பே குழந்தை பதில் சொல்ல வேண்டும். பிறகு போட்டுப் பார்க்க வேண்டும். சொன்னது தப்பானாலும் சிரிப்புத்தான் வரும், அழுகை வராது. முதலில் நினைப்பது, பிறகு சோதிப்பது. விஞ்ஞானிகள் செய்கிற வேலையும் இதுவே.

பல்லாங்குழியில் மழைக் கணக்கு

வீட்டுப் பரணில் ஆச்சியின் பல்லாங்குழி கிடக்கும். அதை எடுத்து வாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஏழு குழி. ஒரு வாரத்துக்கு ஏழு நாள். இதைவிட நல்ல நாட்காட்டி உண்டா?

திங்கட்கிழமை மழை பெய்ததா? முதல் குழியில் ஒரு புளியங்கொட்டை. செவ்வாய்க்கிழமை வெயிலா? இரண்டாம் குழி காலி. வார முடிவில் எண்ணிப் பார்த்தால், எத்தனை நாள் மழை, எத்தனை நாள் வெயில் என்று தெரிந்துவிடும். இரண்டாம் வாரத்துக்கு எதிர்ப்பக்கத்து ஏழு குழி. "போன வாரம் கூடவா, இந்த வாரம் கூடவா?" என்று கேட்டால் குழந்தை கொட்டைகளை ஒப்பிட்டுச் சொல்லும். சனி, ஞாயிறு மழையை வீட்டில் அப்பாவும் அம்மாவும் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் வேலை உண்டு!

கார்த்திகை நெருங்கும்போது களிமண் பாடம். மழையில் நனைந்த குளத்து மண் மெத்தென்று இருக்கும். வேளார் சக்கரத்தில் வனைவதுபோல் குழந்தைகளுக்கு வராது. உருட்டி, நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் போதும், ஓர் அகல் விளக்கு! கோணலாக இருந்தாலும் கார்த்திகைத் தீபத்தன்று வீட்டு வாசலில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். களிமண்ணைப் பிசைந்து பலமான விரல்தான் பென்சிலை அழகாகப் பிடிக்கும்.

எழுத்து எப்போது வரும்?

இதையெல்லாம் கேட்கும் தாய்மார்களுக்கு ஒரு கவலை வரும். "வீட்டிலேதான் நாள் முழுக்க விளையாடுகிறானே! பள்ளியிலும் விளையாட்டா? எழுத்து எப்போது படிப்பான்?"

நியாயமான கேள்வி. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கங்களில் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்கள் ஏராளம். தட்டை மடியில் வைத்தால் நிமிர நேரமில்லை. தனக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்காவது கிடைக்க வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு உண்டு. கையைக் கடித்தாலும் கடன் வாங்கி, யூனிபாரம், டை, ஷூ போட்டு ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிற குடும்பங்களும் இருக்கின்றன.

அந்தத் தவிப்புக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். அங்கன்வாடியில் ஒழுங்காக நேரம் ஒதுக்கிக் கற்பித்தால் குழந்தைக்குப் பாடம் ஏறுகிறது. இது சோதித்துப் பார்த்த விஷயம். கார்த்திக் முரளிதரன் முதலிய மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 320 மையங்களுக்கு, கற்பிப்பதற்கென்றே கூடுதலாக ஓர் அரைநேரப் பணியாளர் அமர்த்தப்பட்டார். அங்கெல்லாம் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கு ஆயிற்று. 18 மாதம் கழித்துச் சோதித்தபோது மொழியிலும் கணக்கிலும் அந்தக் குழந்தைகள் மற்ற மையத்துக் குழந்தைகளைவிட நன்றாக முன்னேறியிருந்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் தொகையும் குறைந்திருந்தது. ஆய்வின் முடிவு 2021-இல் வெளியாயிற்று.

இதில் அங்கன்வாடிப் பணியாளர்களின் கஷ்டமும் அடங்கியிருக்கிறது. எடை பார்க்க வேண்டும். சத்துமாவு கொடுக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் கணக்கை எழுத வேண்டும். தடுப்பூசிக்கு ஆள் சேர்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் இலைப் பாடம் நடத்த நேரம் வேண்டும். "டீச்சர் ஏன் சொல்லித்தரவில்லை?" என்று கேட்பதற்கு முன், அந்த நேரத்தை யார் அவருக்குக் கொடுப்பது என்று ஊரும் அரசும் யோசிக்க வேண்டும்.

2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. பெயர் எதுவானாலும் பரவாயில்லை. குழந்தையின் கை சும்மா இருக்கக் கூடாது.

எழுத்துக்கும் வழி இதிலேயே இருக்கிறது. 'இ' என்றால் இலை. அது குழந்தையின் கையில் இருக்கிறது. 'ம' என்றால் மழை. அது வாசலில் பெய்கிறது. விரலால் நனைந்த மணலில் 'ம' எழுதிய குழந்தை அதை மறக்குமா?

ஜாக்கிரதை தேவை!

ஆட்டத்தில் பெரியவர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டிய விஷயங்களும் உண்டு.

மூன்று வயதுக் குழந்தை விதையை மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளும். சின்ன விதை வேண்டாம். புளியங்கொட்டையைக்கூட எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும். அது கொடிய விஷம். வகுப்புப் பக்கமே வரக் கூடாது.

சேம்பிலையைக் கிள்ளினால் வரும் பால் அரிக்கும். டீச்சரே பிடித்துக் காட்டுவது நல்லது.

தண்ணீர்த் தட்டைப் பாடம் முடிந்தவுடன் கவிழ்த்துவிட வேண்டும். இரண்டு விரல் தண்ணீரும் சிறு குழந்தைக்கு ஆபத்து. தேங்கி நின்றால் டெங்குக் கொசுவுக்கு அது தொட்டில்! மண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சத்துணவு.

அருவிப் பாடத்தைத் தூரத்திலிருந்து நடத்தினால் போதும். மலையில் மழை என்றால் அருவியில் நிமிஷத்தில் வெள்ளம் ஏறும். குளிக்கத் தடை போட்டால் பெரியவர்களும் மதிக்க வேண்டும். அதுவும் குழந்தை பார்த்துக் கற்கும் பாடம்தான்.

தை மாதத்துக்கு ஒரு புதையல்

கடைசியாக ஒரு பாடம். இதற்குப் பொறுமை வேண்டும்.

புரட்டாசியில் பனம்பழம் விழுந்து கிடக்கும். பனை நம் மாநில மரம். தென் சீமைக்கு அதுவே தாய். பழத்தைத் தின்றது போக மிஞ்சிய கொட்டையைக் குழந்தைகள் பொறுக்கி வரட்டும். முற்றத்து மூலையில் மண்ணைப் பொலபொலவென்று கொத்தி மேடாக்கி, ஆளுக்கு ஒரு கொட்டையாகப் புதைக்கட்டும்.

மறுநாளே ஒரு குழந்தை ஓடி வரும். "டீச்சர், முளைச்சிருச்சா?"

"இன்னும் இல்லை, ராசா."

ஐப்பசி மழை பெய்யும். "முளைச்சிருச்சா?" கார்த்திகைத் தீபம் வரும். "முளைச்சிருச்சா?" மார்கழிப் பனி பெய்யும். மேலே பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். மண்ணுக்கடியில் கொட்டை வேலை செய்துகொண்டே இருக்கும்.

பொங்கலுக்கு முன் ஒரு நாள் மேட்டைத் தோண்டுகிறார்கள். வெள்ளை வெளேரென்று நீள நீளமாகப் பனங்கிழங்கு! மஞ்சளும் உப்பும் போட்டு வேக வைத்து, தோலை உரித்து, நார் எடுத்து, ஆளுக்கு ஒரு துண்டு.

"இது நான் வச்சது!" என்று ஒரு குழந்தை கத்தும். எந்தக் கிழங்கு யார் வைத்ததோ, யாருக்குத் தெரியும்! எல்லாக் குழந்தைக்கும் அது தான் வைத்ததுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் பாதித் துண்டை நீட்டும். "அம்மா, மழையிலே புதைச்சோம்லா, அதுதான் இது!"

அம்மா ஒரு நிமிஷம் தட்டை இறக்கி வைத்துவிட்டு, அதை வாங்கிக் கடித்துப் பார்ப்பாள். எழுத்து எப்போது வரும் என்ற கேள்வி அப்போது அவளுக்கு நினைவிருக்காது.